ஆங்கிலப் படப் புத்தகத்துக்கு வரிக்கு வரி அர்த்தம் சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிகளிலும் வீடுகளிலும் ஆங்கிலப் படப் புத்தகங்கள் இப்போது தாராளமாகப் புழங்குகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றை வாசித்துக் காட்டும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. பெரியவர் ஒரு வரியை ஆங்கிலத்தில் படிக்கிறார், உடனே தமிழில் அர்த்தம் சொல்கிறார், பக்கத்தைப் புரட்டுகிறார். தமிழ் எப்படியும் வரப்போகிறது என்று தெரிந்த குழந்தை ஆங்கிலத்துக்குக் காது கொடுப்பதில்லை. படத்தைப் பார்க்கவோ நேரமே கிடைப்பதில்லை. அர்த்தம் சொல்லும் வேலையைப் படத்திடம் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

படப் புத்தகத்தில் படம் அலங்காரம் அல்ல, கதையின் பாதி. இங்கிலாந்தில் 1878 முதல் ராண்டால்ஃப் கால்டிகாட் வரைந்த சிறுவர் புத்தகங்களிலேயே இதைப் பார்க்கலாம். அவற்றிலுள்ள பாட்டு சொல்லாமல் விட்டதை அவருடைய படம் சொல்லும். அமெரிக்காவில் 1938 முதல் சிறந்த படப் புத்தக ஓவியருக்கு வழங்கப்படும் பதக்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வகுப்பில் பயன்படுத்த ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டுமென்றால் பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968-இல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்'கை (ரோஸியின் நடை) சொல்வேன். மொத்தமே 32 வார்த்தைகள், ஒரே வாக்கியம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. வார்த்தைகளில் அவ்வளவுதான். படத்திலோ ஒரு நரி அதன் பின்னாலேயே பதுங்கி வருகிறது. பாயும்போதெல்லாம் அடிபடுகிறது: குப்பை வாரும் பல்கருவியை மிதித்து அதன் பிடியால் மூக்கில் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, மாவு கொட்டி மூடிப்போகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. நரி என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. வரிக்கு வரி அர்த்தம் சொல்கிறவர் இந்தக் கதையில் பாதியைத் தொடாமலேயே முடித்துவிடுவார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நரி பாயும் பக்கத்தில் வார்த்தை இருக்கும். புரட்டினால் விழுந்து கிடக்கும் பக்கத்தில் வார்த்தையே இராது. அந்த மௌனப் பக்கம் குழந்தை பேசுவதற்கான இடம். அங்கே ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இப்படி ஒரு புத்தகத்துக்கு நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் ஒதுக்கினால் போதும். முதல் நாள் எழுத்தைப் படிக்கவே வேண்டாம். முன்னட்டை, பின்னட்டை, அட்டையை ஒட்டிய உள்தாள், தலைப்புப் பக்கம் என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். பல புத்தகங்களில் கதை அங்கேயே தொடங்கிவிடும். குழந்தைகள் தமிழில் பேசட்டும். அவர்கள் சொல்வதிலிருந்து கதைக்குத் தேவையான ஐந்தாறு சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுங்கள். அதற்கு மேல் போனால் கதை போய்ச் சொற்பட்டியல் வந்துவிடும். இரண்டாம் நாள் முழுவதையும் ஆங்கிலத்திலேயே, இடையில் நிறுத்தி விளக்காமல் வாசியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டுமுன் மூன்று நான்கு நொடி தாமதியுங்கள். அடுத்து என்ன என்று ஊகிக்க அந்த நொடிகள் வேண்டும். மூன்றாம் நாள் குழந்தைகளும் சேர்ந்து சொல்லலாம். 'ரோஸீஸ் வாக்'கில் அக்ராஸ், அரவுண்ட், ஓவர், பாஸ்ட், த்ரூ, அண்டர் என்று ஆறு இடச்சொற்கள் வரிசையாக வருகின்றன. தமிழில் 'குளத்தைச் சுற்றி' என்று பெயருக்குப் பின்னால் வருவது ஆங்கிலத்தில் முன்னால் வருவதால் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. கரும்பலகையில் விளக்குவதைவிட, மேசையைச் சுற்றி, கயிற்றுக்கு அடியில், இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே என்று அவர்களை நடக்கவிட்டு அந்தந்த வரியைச் சொல்ல வைத்தால் பிடித்துக்கொள்வார்கள். நான்காம் நாள் நரியின் பக்கமிருந்து கதையைச் சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தில் அந்த வாக்கியங்கள் இல்லாததால் மனப்பாடம் உதவாது. அரைகுறையாக இருந்தாலும் சொந்த ஆங்கிலம் அங்கேதான் வெளிவரும்.

கேள்வியிலும் கவனம் தேவை. "இது என்ன?" என்று படத்திலுள்ள ஒவ்வொன்றையும் கேட்டால் பரீட்சையாகிவிடும். "நரி ஏன் அங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். கேட்டபின் ஐந்து நொடியாவது பொறுங்கள். பதில் தமிழில் வந்தால் திருத்த வேண்டாம். அதையே எளிய ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னால் போதும்.

பார்க்க முடியாத படத்தால் பயனில்லை. ஒரே புத்தகத்தை 40 பிள்ளைகளுக்கு முன் உயர்த்திப் பிடித்தால் மூன்றாம் வரிசைக்கு மேல் எதுவும் தெரியாது. எட்டு முதல் பத்துப் பேராகத் தரையில் அரைவட்டமாக உட்கார வையுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் இருண்டு தெரியும், வெளிச்சம் புத்தகத்தின் மீது விழ வேண்டும். புத்தகத்தைக் கீழே நடுமடிப்பில் பிடித்தால் கை படத்தை மறைக்காது. திரையில் காட்டும் பள்ளிகளில் வேறொரு பிழை நடக்கிறது. பிடிஎஃப் கோப்பு ஒவ்வொரு பக்கமாகத் தெரிவதால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த படம் இரண்டாக அறுந்துவிடுகிறது. இருபக்கக் காட்சிக்கு மாற்றினால் மட்டும் போதாது, அட்டையைத் தனிப் பக்கமாக வைக்கும் தெரிவையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஜோடிகள் மாறி, முடிவு முன்னதாகவே தெரிந்துவிடும்.

வாங்கும்போது ஒரே அமைப்பிலான வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் புத்தகத்தைத் தேடுங்கள். எதுகையோடு ஓடும் ஆங்கிலக் கதைகள் காதுக்கு இனிமை. ஆனால் ஓசைக்காக அரிய சொற்களும் மாற்றிப் போட்ட சொல்வரிசையும் அவற்றில் நிறைய வரும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவை கேட்பதற்கு, தாமே படிப்பதற்கு அல்ல. கையெழுத்துப் போன்ற அலங்கார எழுத்துருவையும் தவிருங்கள். இருமொழிப் புத்தகங்கள் (சென்னை தூலிகா போன்ற பதிப்பகங்கள் வெளியிடுபவை) வீட்டில் அருமையாகப் பயன்படும். வகுப்பில் ஆங்கிலம் வாசிக்கும்போது மட்டும் தமிழ் வரியை ஒரு காகிதத் துண்டால் மறைத்துக்கொள்ளலாம். காசில்லாத பள்ளிகளுக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தோடு கதைகள் கிடைக்கின்றன. உரியவர்களின் பெயரைக் குறிப்பிட்டு அச்சிடலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம்.

தாமே உருவாக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் சில குறிப்புகள். அச்சான படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதற்குக் காரணம் அச்சகம்தான். ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கத் தொகுப்பு (பாரம்) இரண்டு சேர்ந்தால் 32. தலைப்பு, பதிப்பு விவரம் போக 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் கதைக்கு மிஞ்சும். வீட்டில் எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் பின் அடித்தாலே 32 பக்கம் வந்துவிடும். நல்ல படம் வரையுமுன் இந்த வெற்று மாதிரிப் புத்தகத்தில் (டம்மி) பென்சிலால் கதையைப் பிரித்துப் போடுங்கள். எது எந்தப் பக்கம் வருகிறது என்பதில்தான் முக்கால்வாசி வேலை. எதிர்பார்ப்பு வலப்பக்கத்தில் முடிய வேண்டும், விடை புரட்டிய பிறகே தெரிய வேண்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தால் கண் விடைக்குத் தாவிவிடும்.

ஆரம்ப வாசகருக்கு 100 முதல் 200 வார்த்தைகள் ஏராளம். எழுதியபின் படத்தில் தெரிவதையெல்லாம் அடியுங்கள். சட்டையின் நிறம், வானிலை, பாத்திரத்தின் சிரிப்பு எதற்கும் வார்த்தை வேண்டாம். புதிதாக எழுதுவோர் அதிகம் சறுக்குவது இங்கேதான். படமும் எழுத்தும் ஒன்றையே சொல்லும்போது குழந்தைக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. நடுமடிப்பின் இருபுறமும் ஒரு சென்டிமீட்டருக்குள் முகமோ எழுத்தோ வரக் கூடாது, மடிப்பு விழுங்கிவிடும். எழுத்துக்கு 18 முதல் 24 பாயிண்ட் அளவும், அதன் பின்னணியில் படமில்லாத வெற்றிடமும் வேண்டும். முன்னேறிச் செல்லும் பாத்திரம் வலப்பக்கம் பார்க்கட்டும், வாசிக்கும் கண்ணும் அந்தத் திசையில்தான் போகிறது. அச்சகத்துக்குக் கொடுக்கும் படம் அச்சாகும் அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். வெட்டுவதற்காக நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். இதை விட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும்.

நூல்களைக் கொள்முதல் செய்வோருக்கு ஒரு வேண்டுகோள். 50 தலைப்புகளில் ஒவ்வொரு பிரதி வாங்குவதைவிடப் பத்துத் தலைப்புகளில் ஐந்தைந்து பிரதி வாங்குங்கள். அப்போதுதான் ஒரு குழுவின் கையில் புத்தகம் இருக்கும், ஒரு வாரம் முழுக்க ஒரே கதை நடக்கும்.

தங்களுக்கும் ஒன்று. மாதம் ஒருமுறை நாளிதழின் ஒரு தனித்தாளின் இருபுறமும் எட்டுப் பக்க ஆங்கிலப் படக் கதை ஒன்றை வெளியிடலாம். ஒரு புறம் 8, 1 கீழேயும் 5, 4 தலைகீழாக மேலேயும் வர வேண்டும். மறுபுறம் 2, 7 கீழேயும் 3, 6 தலைகீழாக மேலேயும் வர வேண்டும், 1-க்கு நேர் பின்னால் 2 அமைய வேண்டும். இருமுறை மடித்து, மேல் மடிப்பை வெட்டி, நடுவில் இரண்டு பின் அடித்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புத்தகம் ஆகிவிடும்.

இப்படிக்கு,
தொடக்கக் கல்வி ஆங்கிலப் பயிற்றுநர்,
மதுரை