பாப்பாவுக்கு, செப்பாங் போகும் முன்

பந்திங்,
ஞாயிறு இரவு.

அன்பு பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஜொகூரில் உன் நலம் அறிய ஆவல்.

செப்பாங் டிராக்கில் நடக்கும் மோட்டார் பைக் ரேஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக நீ சொன்னதும் நான் ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லைம்மா. என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். வாட்சாப்பில் எழுதினால் ஓடிக்கொண்டே படிப்பாய். இதை வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படி.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1991. தோட்டத்துப் பட்டறையில் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருஷம். குலை ஏற்றும் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய எண்ணெயை வடித்தாயிற்று. டிரெய்ன் நட்டைக் கையால் திருகி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுக்கத் திரும்பினேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கூப்பிட்டார், போனேன். திரும்பி வந்தபோது முடுக்கியாயிற்று என்ற நினைப்பில் புது எண்ணெயை ஊற்றி அனுப்பிவிட்டேன். கோயில் மேட்டில் நட்டு கழன்று விழுந்தது. டிராக்டர்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் கப்சாய் பைக்கில் வந்த பக்கத்து லயத்து அண்ணன்தான் அந்த எண்ணெயில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை. நான் அரிசியைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி வருவேன்.

நீ ரேஸ் என்றதும் அந்த மேடுதான் கண்முன் வந்தது. நீ விழுந்துவிடுவாயோ என்ற பயம் எனக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் ஒரு பயம், உன் வண்டி சிந்தும் எண்ணெயில் வேறொரு வீட்டுப் பிள்ளை விழக்கூடாது என்பது. ரோட்டில் பின்னால் வருகிறவன் தள்ளி வருவான். அங்கே உன் பின்சக்கரத்தை ஒட்டி வருவான்.

அதனால் லாக் வயர், அதாவது நட்டு கழலாமல் பிடிக்கும் கம்பி, அதைக் கட்டுவதை வேறு யாரிடமும் விடாதே. டிரெய்ன் நட்டு, எண்ணெய் ஊற்றும் மூடி, பிரேக் காலிப்பர் போல்ட், எல்லாவற்றுக்கும் கட்டு. ஆயில் பில்டரைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப் போட்டு அதிலிருந்து கம்பியை இழு. போல்ட் தலையில் துளை போட 1.5 மில்லிமீட்டர் பிட். ஒன்றிரண்டு உடையும், அவசரப்படாமல் எண்ணெய் விட்டு விட்டுப் போடு. கம்பி 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போதும். சென்டிமீட்டருக்கு மூன்று முறுக்கு வரட்டும். நட்டு கழலப் பார்த்தால் கம்பி அதை முடுக்குகிற பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டியும் பயனில்லை. நுனியை உள்ளே மடித்துவிடு, இல்லையென்றால் விரலைக் கிழிக்கும். முடித்தபின் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு நட்டையும் விரலால் தடவிப் பார். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ரேடியேட்டரில் இருக்கும் கூலண்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்று. தண்ணீர் கொட்டினால் செப்பாங் வெயிலில் காய்ந்துவிடும். கூலண்ட் காயாது, எண்ணெய் மாதிரி வழுக்கும்.

கொடிகளை மனப்பாடம் செய். மஞ்சள் ஆடினால் முந்தக்கூடாது, அங்கே யாரோ விழுந்து கிடக்கிறார்கள், அவரைத் தூக்க ஆள் ஓடுகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்குகிறது. சிவப்பு என்றால் ரேஸ் நின்றுவிட்டது, மெதுவாக வண்டிகளை நிறுத்தும் பிட் பகுதிக்குத் திரும்பு. கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் பக்கத்தில் உன் நம்பரும் தெரிந்தால் வண்டியில் ஏதோ கோளாறு. இன்னும் ஒரு சுற்றுதானே என்று ஓட்டாதே, அந்த இடத்திலேயே டிராக்கை விட்டு இறங்கு. உனக்குத் தெரியாதது கொடிக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

2011 அக்டோபர் 23 உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் டிவி முன்னால்தான் இருந்தோம். இதே செப்பாங்கில், இரண்டாவது சுற்றில், பதினோராவது வளைவில் பைக் ரேஸ் வீரர் சிமோன்செல்லி விழுந்தார். வண்டி வெளியே போகாமல் அவரையும் இழுத்துக்கொண்டு டிராக்கின் குறுக்கே வந்தது. பின்னால் வந்தவர்கள் விலக நேரமே இல்லை. நீ அழுதாய், நான் டிவியை அணைத்தேன். அதைச் சொல்லி உன்னைத் தடுக்கப் போவதில்லை. விழுந்தால் ஹேண்டிலை விட்டுவிடு, வண்டி போகட்டும். உடம்பு உருள்வது முழுசாக நிற்கும்வரை எழுந்திருக்காதே. எழுந்ததும் முதலில் பின்னால் பார்.

முதல் வளைவில்தான் நெரிசல். நீண்ட நேர் ரோட்டில் பறந்து வந்து, இறுக்கமாக வலது, உடனே இடது. எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். முதல் ரேஸ்தானே, கடைசியாகப் போனாலும் போ. நீ போகும் தடத்தைத் திடீரென்று மாற்றாமல் இருந்தால் பின்னால் வருகிறவன் உன்னை நம்பி ஓட்டுவான். வண்டி மந்தமானால் கையைத் தூக்கிக் காட்டு.

ஹெல்மெட், லெதர் சூட், பேக் புரொடெக்டர் எல்லாம் உனக்கே தெரியும். சூட்டை மட்டும் இரண்டாம் கையாக வாங்கினால் தையலை இழுத்துப் பார். ரேஸுக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடி.

அம்மா முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நேற்று மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சுல்பாமி கைருடின் நம்ம பந்திங் பையன்தானே என்று கேட்டாள். ஆமாம், 2012இல் இதே செப்பாங்கில் மோட்டோ3 என்கிற உலக பைக் ரேஸில் இரண்டாவதாக வந்தான் என்றேன். அவன் அம்மா எப்படி இருந்திருப்பாள் என்றாள். பிறகு சோறு போட்டுக்கொண்டாள். ரேஸ் அன்றைக்கு அவளும் வருகிறாள், திருநீறு கொண்டு வருவாள். பூசிக்கொண்டு ஹெல்மெட் போடு.

நீ முதல் நாள் மாலையே வண்டியோடு நேராக வீட்டுக்கு வந்துவிடு. இங்கிருந்து டிராக் பக்கம்தான். வாசல் விளக்கை மாற்றிப் பிரகாசமாகப் போட்டிருக்கிறேன். நீ கட்டிய கம்பியை எல்லாம் நான் ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். கம்பிச் சுருளும் முறுக்கும் பிளையரும் என்னிடம் இருக்கிறது, வாங்கிச் செலவு செய்யாதே.

அப்பா