எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைப் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பில் ஐந்து பேர் எல்எல்ஆருக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்கள். வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் பின்புற வாகன நிறுத்தத்தில் அவர்களுக்கு பைக் பாதுகாப்புப் பயிற்சி.

1. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட்டுடன் வரவும். வாரைக் கட்டாத ஹெல்மெட் வெறும் தொப்பிதான்.

2. கியர் வண்டிக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கு மட்டுமே உரிமம். நம் வீட்டு 110 சிசி ஸ்கூட்டர் அதில் சேராது. பெற்றோர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்!

3. பிரேக் பிடிப்பதற்கே பாதி நேரம். முன் பிரேக்குக்குத்தான் வலு அதிகம்; இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். மணலில் முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். நம் வாசல் திருப்பத்து ஜல்லியில் போன வாரம் நானே சறுக்கினேன்; முழங்கையில் போட்டிருக்கும் கட்டை ஞாயிறன்று பார்க்கலாம்.

4. முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ வேண்டும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்தே ஓட்டுநர் தேர்வு.

வருபவர் பெயர், வயது, வீட்டு எண்ணை வெள்ளி இரவுக்குள் இங்கே பதிவிடவும். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் வராது.

– செயலாளர்