மூன்று வரி போதும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்பதெல்லாம் அம்மா கேட்பாள். எனக்கு வேறு விஷயம்.

யார் வேண்டுமானாலும் கோடைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய அந்த ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு நீ அனுப்பிய புல் ரிக்வெஸ்டை, அதாவது திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கையை, பார்த்தேன். வேவு பார்த்ததாகக் கோபித்துக்கொள்ளாதே, உலகமே பார்க்கிற இடத்தில்தானே போட்டிருக்கிறாய். ஃபைல் பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் புரோகிராம் பாதியில் நின்றுவிடுகிறது. நீ சொன்ன காரணம் மிகச் சரி. பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காமல், கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அது ஒரே பெயரை இரண்டாக வெட்டிவிடுகிறது. வருடக்கணக்காக அதைப் புழங்குகிறவர்கள் கண்ணில் படாதது உன் கண்ணில் பட்டிருக்கிறது. சித்தப்பாவிடம்கூடச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆனால் திருத்தம் மூன்று வரி, நீ அனுப்பியதோ நாற்பது ஃபைல். டேப் இருந்த இடத்திலெல்லாம் உன் எடிட்டர் ஸ்பேஸ் போட்டிருக்கிறது, நீ பார்க்காமலே அதைக் கமிட்டாகப் பதிந்திருக்கிறாய். போதாததற்கு இரண்டு ஃபங்ஷனுக்குப் பெயரையும் மாற்றியிருக்கிறாய். கேட்டார்களா? அந்த மூன்று வரியைத் தேடி எடுக்க எனக்கே பொறுமை போய்விட்டது. ப்ராஜெக்டைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் "மிகப் பெரியது" என்று ஒரு வரி போட்டு மூடிவிட்டார். இன்னும் கொஞ்சம் தன்மையாகச் சொல்லியிருக்கலாம்தான்.

அதற்கப்புறம் உன் பக்கத்தில் ஒரு கமிட்கூட இல்லை. வேலை அதிகமாக இருக்கும். இருக்கும்தான்.

லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய டோர்வால்ட்ஸ், பேட்ச் (திருத்தம்) அனுப்புகிறவர்களை எப்படியெல்லாம் திட்டுவார் என்பது உனக்கே தெரியும். அவரே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கியிருந்தார். உனக்கு வந்தது அந்த மாதிரித் திட்டுகூட இல்லை. உன்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது, ஃபைல்களைப் பற்றித்தான் பேச்சு.

உன் மெயின்டெய்னர் பக்கமும் யோசித்துப் பார். ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருள் விவகாரம் நினைவிருக்கிறதா? சோர்ந்துபோயிருந்த ஒருவர் தனியாகக் கட்டிக் காத்த ப்ராஜெக்ட் அது. யாரோ ஒருவர் வருடக்கணக்கில் நல்ல பிள்ளையாக பேட்ச் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, கோட் இருக்கும் ரெப்போவுக்குள் எழுதும் உரிமை வாங்கி, கடைசியில் டெஸ்ட் ஃபைல்களுக்குள், திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவை ஒளித்துவைத்தார். 2024 மார்ச்சில் வேறொருவர், லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்க்கப் போய்த்தான் அது வெளியே வந்தது. இதற்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருத்தி நாற்பது ஃபைலை நீட்டினால் யார்தான் வாங்கிக்கொள்வார்கள்?

அதனால் சின்னதாக அனுப்பு. மெயின் பிராஞ்சிலிருந்து புதிதாக ஒரு பிராஞ்ச், அதாவது நீ வேலை செய்ய ஒரு தனிக் கிளை, எடு. ஒரு எழுத்தையும் தொடுவதற்கு முன் அவர்களுடைய டெஸ்டுகளை ஓட்டிப் பார்த்துவிடு. முதலிலேயே எது தோற்கிறது என்று தெரியாவிட்டால் பிறகு பழி உன் மேல் விழும். அப்புறம் பெயரில் இடைவெளி உள்ள ஒரு ஃபைலை வைத்து ஒரு டெஸ்ட் எழுது. திருத்தம் இல்லாமல் அது தோற்க வேண்டும், திருத்தத்தோடு தேற வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தவரிடம் நீ வாதாட வேண்டியதே இல்லை. கமிட் செய்வதற்கு முன், மாறியதைக் காட்டும் டிஃப்பை வரி வரியாகப் படி, அந்த எடிட்டர் வேலையை அங்கேயே பிடித்துவிடலாம். கமிட் செய்தியில் என்ன மாற்றினாய் என்பதோடு ஏன் மாற்றினாய் என்றும் எழுது. கான்ட்ரிப்யூட்டிங் என்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறார்களே, அதைப் படித்தாயா? படித்திருக்க மாட்டாய். பெரிய மாற்றத்தை முதலில் இஷ்யூவில் (பிரச்சினைகளைப் பதிந்து பேசும் இடம்) பேசிவிட்டு வரச் சொல்லி அதிலேயே போட்டிருக்கிறது. ஃபங்ஷன் பெயர் பிடிக்கவில்லையென்றால் தனியாக ஒரு இஷ்யூ போட்டுக் கேள். திருத்தச் சொன்னால் புதிதாக இன்னொன்று திறக்காதே, அதே பிராஞ்சில் திருத்திப் போடு. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு தடவை கேள். சின்னதாக அனுப்பு என்று சொன்னேனா? சொல்லிவிட்டேன்.

இது கசந்துபோயிருந்தால் கோடே எழுத வேண்டாம். நிறுவும் குறிப்பில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். அதை எழுதிச் சேர்த்தாலும் பங்களிப்புதான்.

யாராவது ஒரு சொல் சொன்னால் அப்படியே மூடி வைத்துவிடுகிற பழக்கம் உனக்கு எப்போதும் உண்டு. வயலின் கதையை நான் எடுக்கவில்லை. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது, ஒரு வேலையும் நடந்த சுவடு இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. புரியவைக்க வேண்டும் என்றும் இல்லை.

நீ எடுத்த இஷ்யூ இன்னும் திறந்தே இருக்கிறது, நேற்றுக்கூடப் பார்த்தேன். அனுப்புவதற்கு முன் இன்னொரு கண் பார்க்க வேண்டுமென்றால் உன் பிராஞ்ச் லிங்கை எனக்கு அனுப்பு. அனுப்பாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடும்போது போனை எடு.

அப்பா