எங்கள் நாடகத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

திரை விழுந்ததும் மேடையில் நின்று எல்லோருக்கும் நன்றி சொல்லத் தொடங்கினேன். தொண்டை அடைத்துக்கொண்டது, பாதிப் பேரை விட்டுவிட்டேன். அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அண்ணி. நாடகத்தின் கதை பார்த்தவர்களுக்குத் தெரியும். இறந்துபோன நண்பன் பாதியில் விட்ட நாடகத்தை இன்னொருவன் எடுத்து முடிக்கிறான். மேடை ஏற வேண்டும் என்பதற்காக அதன் முடிவை மாற்றிவிடுகிறான். அந்த நண்பன் யார் என்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் எழுதி வைத்திருந்த நோட்டைக் கொடுத்தபோது நீங்கள் ஒரு நிபந்தனையும் போடவில்லை. "உனக்குச் சரின்னு பட்டதைச் செய்" என்று மட்டும் சொன்னீர்கள். ஆயிரம் நிபந்தனை போட்டிருந்தாலும் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

செலவை ஏற்க முன்வந்த ஒருவர், கடைசிக் காட்சியில் நண்பனின் மனைவி நாயகனை மன்னித்துவிடட்டும் என்றார். ஒரு வாரம் உட்கார்ந்து அப்படியே மாற்றி எழுதினேன். வசனம் நன்றாகவே வந்தது, அதுதான் வேதனை. ஒத்திகையில் படித்தபோது யாரும் பேசவில்லை. வசனம் எடுத்துக் கொடுக்கும் தம்பி மட்டும் பழைய பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "இதிலிருந்து போகலாமா?" என்று கேட்டான். தம்பி, அந்தக் கேள்விக்காக உனக்கு நான் வாழ்நாள் கடன்பட்டிருக்கிறேன். பணம் போனது. குழுவில் ஆளாளுக்குக் கையிலிருந்ததைப் போட்டுத்தான் மேடை ஏறினோம்.

அப்புறம், ஒத்திகை பார்க்க வந்த தமிழாசிரியர் ஐயா. மூன்றாம் காட்சியில் நாயகன் அழும் இடம் எத்தனை முறை செய்தும் பொய்யாகவே இருந்தது. ஐயா ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, அழுகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல் நான்கைச் சொல்கிறது என்றார்: இளிவு (பிறர் இகழ நிற்பது), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெட்டுத் தளர்வது), வறுமை. "இவன் எதற்கு அழுகிறான்?" அதுவரை இழவு என்றே நினைத்து நடித்துக்கொண்டிருந்தோம். நண்பனின் மனைவி உண்மையைக் கண்டுகொண்டு பார்க்கும் பார்வைக்கு முன்னால் அவன் இகழப்பட்டு நிற்கிறான், அது இளிவு. அதன்பிறகு நாயகனாக நடித்தவர் கண்ணீர் விடுவதையே நிறுத்திவிட்டார். அவையோருக்கு முதுகைக் காட்டி நின்று, இறந்தவனின் சட்டையை மடித்து வைத்தார், மறுபடி பிரித்து மடித்தார். அவ்வளவுதான். அந்தக் காட்சி உயிர் பெற்றதற்கு நீங்கள் இருவருமே காரணம்.

மேடைக்குப் பின்னால் நின்றவர்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கட்டிலை எடுத்துவிட்டு மேசையை வைக்க உங்களுக்குக் கிடைத்ததோ 12 விநாடி. விளக்கு அணையும் முன்பே ஒரு கண்ணை மூடி வைத்து இருட்டுக்குப் பழக்கிக்கொண்டீர்கள். தரையில் ஒட்டிய ஒளிரும் நாடாவைப் பார்த்து அடி வைத்தீர்கள். ஒரு சத்தம் எழவில்லை.

ஒலி பார்த்த சகோதரிக்கும் நன்றி. ஆட்கள் நிறைந்தால் உடம்பும் உடையும் ஒலியை விழுங்கிவிடும், காலி அரங்கில் கேட்பதை நம்பாதீர்கள் என்று சொல்லி, கடைசி வசனத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பேச வைத்தீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு அது கேட்டிருக்கும்.

அண்ணி, நாடகம் முடிந்ததும் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். சொல்ல வேண்டியதும் இல்லை. நோட்டு பத்திரமாக இருக்கிறது. அண்ணன் கோடு போட்டு அடித்திருந்த இரண்டு பக்கங்களை நான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.