பரிசல் துறைக்கு ஒரு சாய்தளம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒகேனக்கல்லை மேம்படுத்துவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வண்டி நிறுத்துமிடம், பரிசல் கட்டணம் என்றுதான் பேசுகிறோம். நடக்க முடியாதவர் தண்ணீர் வரைக்கும் எப்படிப் போவார் என்று யாரும் கேட்பதில்லை.

என் தம்பி சக்கர நாற்காலியில் இருப்பவன். பாறையும் படியுமாக இருக்கும் இடத்தில் நாலு பேர் தூக்கித்தான் அவனைப் பரிசலில் உட்கார வைக்க வேண்டும். பரிசல் ஓட்டும் அண்ணன்கள் முகம் சுளிக்காமல் கைகொடுக்கிறார்கள், அவர்களுக்கு என்றும் நன்றி. ஆனாலும் வளர்ந்த ஆளை அத்தனை பேர் பார்க்க மூட்டை போலத் தூக்கினால் அவனுக்கு எப்படி இருக்கும்? இப்போதெல்லாம் "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க அந்தச் சட்டம் கொடுத்த ஐந்தாண்டுக் கெடுவும் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் சாய்தளம் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். அவர்களுக்கும் ஆற்றைப் பார்க்க, சாரலில் நனைய ஆசை இருக்காதா?

செய்ய முடியாத காரியமும் இல்லை. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடல் அருகே வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது. சரிசெய்து திரும்பவும் திறந்தார்கள். இங்கே காவிரியில் வெள்ளம் வரும், உண்மைதான். அதற்குத் தகுந்தபடி மேட்டில் ஒரு பார்வை மேடையும், பரிசல் துறைக்கு உறுதியான கைப்பிடியுடன் சாய்தளமும் அமைக்கலாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். பல இடங்களில் கட்டியிருப்பது பைக் ஏற்றத்தான் உதவும். சக்கர நாற்காலி பின்னால் சாய்ந்துவிடும்.

இன்னொன்று, நீர்வரத்து கூடும்போது ஒலிபெருக்கியில் மட்டும் எச்சரித்தால் காது கேளாதவருக்கு எப்படித் தெரியும்? சிவப்பு விளக்கும் பெரிய எழுத்துப் பலகையும் அவசியம்.

கிருஷ்ணகிரி அணைப் பூங்காவிலும் நடைபாதை, கழிப்பறைக் கதவின் அகலம், குழந்தைகளின் ஊஞ்சல் எல்லாவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

அடுத்த முறை திட்ட வரைபடம் போடும் முன், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்ட நிர்வாகமும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் பார்வையற்றவர்களையும் அந்த இடத்துக்கே அழைத்து வந்து கேட்கட்டும். பரிசல் ஓட்டிகளையும் கூடவே நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கால் வழுக்கும், எந்த இடத்தில் பரிசல் ஆடாமல் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
வாசகி, பென்னாகரம்