முகூர்த்தம் காலையில்தான்: ரிவியேரா மாயா விடுதி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மெக்சிகோவின் கான்கூனுக்குத் தெற்கே கடற்கரை விடுதி நடத்தும் நிர்வாகத்தாருக்கும் அதன் திருமணப் பிரிவினருக்கும்,

வணக்கம். ஆங்கிலத்தில் உங்களுக்கு எழுத வேண்டியதையெல்லாம் எழுதியாகிவிட்டது. "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உங்களிடம் முன்பணம் கட்ட நினைக்கும் நம்மவர்களும் படிக்கட்டும் என்று இதைத் தமிழில், எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன்.

உங்கள் விடுதியில் என் மகளின் திருமணம்: தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரையிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம். மணலில் ஹோமம். இரண்டும் ஒப்பந்தத்தில் உங்கள் கையொப்பத்துக்கு மேலேயே இருக்கின்றன. இப்போது வந்திருக்கும் மின்னஞ்சலோ, அந்த நேரத்தில் கடற்கரை மேடை ஒரு நிறுவனக் குழுவின் யோகா வகுப்புக்குத் தேவை என்கிறது. எங்களுக்கு மாலை ஐந்தரை மணி, "கூடுதல் கட்டணம் இல்லாமல்". ஹோமத்துக்குப் பதிலாக பேட்டரியில் எரியும் மெழுகுவத்திகள்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரை முதல் ஆறு. எங்கள் வீட்டுச் சமையலறை நாட்காட்டியே சொல்லும். உங்கள் ஊர்ச் சூரியனை வைத்துக் கணக்கிட்டாலும் தப்ப வழியில்லை. பகலை எட்டாகப் பிரித்தால் ஞாயிறன்று கடைசிப் பங்குதான் ராகுவுக்கு. வாரத்தின் ஏழு நாட்களில் அஸ்தமனத்தை ஒட்டிய பொழுது ராகுகாலமாக அமைவது அன்று ஒரு நாள் மட்டுமே. தேடிப் பிடித்ததுபோல் அதையே எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள்.

சென்னையிலிருந்து என் மாமியார் வருகிறார். எண்பதைத் தாண்டியவர். அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டாம் என்பதால்தான் அவரை அழைத்துவர முடிகிறது. மகள் வயிற்றுப் பேத்திக்கு ராகுகாலத்தில் தாலி கட்டப்போகிறோம் என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. உங்கள் ஒருங்கிணைப்பாளரை வேண்டுமானால் அனுப்பிப் பாருங்கள்.

மாலை வெளிச்சத்தில் படங்கள் அழகாக வரும் என்று ஆறுதல் வேறு. ஐயா, உங்கள் கடற்கரை கிழக்கு பார்த்தது. கடலிலிருந்து சூரியன் எழுவதைக் காலையில் பார்க்கலாம். மாலையில் அது உங்கள் கட்டடத்துக்குப் பின்னால் அல்லவா இறங்குகிறது?

நாங்கள் கேட்பது ஒன்றே: காலையில் முகூர்த்தம், உண்மையான நெருப்போடு.

நெருப்பென்றால் பயப்படுவது நியாயம்தான். ஓலை வேய்ந்த உங்கள் பலாபாக் குடில்களின் கீழே ஹோமம் வளர்க்க நாங்களும் கேட்கவில்லை. திறந்த மணலில் ஒரு சிறிய செப்புக் குண்டம், அருகில் தண்ணீர் வாளிகள், தீயணைப்புக் கருவியோடு உங்கள் ஊழியர் ஒருவர். இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டு, அந்த ஊழியருக்கான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டீர்கள். அதே மணலில் இரவு விருந்தின்போது தீப்பந்தம் சுழற்றி ஆடுகிறவர்களின் படம் உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது. அந்த நெருப்புக்கு மட்டும் என்ன சலுகை?

மெக்சிகோ சட்டம் பதிவாளர் முன் நடப்பதையே திருமணமாக ஏற்கிறது. மதச் சடங்குக்குச் சட்ட மதிப்பில்லை என்பது தெரியும். அதனால்தான் டெக்சஸிலேயே பதிவை முடித்துவிட்டோம். அதையே காரணமாக்கி, "சட்டப்படி ஆகிவிட்டதே, சடங்கு எந்த நேரத்தில் நடந்தால் என்ன?" என்று உங்கள் அலுவலர் கேட்கிறார். அந்தச் சடங்குக்காகத்தானே இத்தனை பேர் விமானம் ஏறுகிறோம்!

பேச்சு வந்ததால் கட்டணப் பட்டியலையும் சொல்லிவிடுகிறேன். சடங்கை நடத்திவைக்க ஹூஸ்டனிலிருந்து வரும் வாத்தியாரை "வெளி ஒப்பந்தக்காரர்" என்று இசைத்தட்டு போடுபவருக்குக் கீழே சேர்த்திருக்கிறீர்கள். அவருக்கும் நாள் கட்டணம், கையில் உணவுக்கும் மதுவுக்குமான விடுதிப் பட்டை. உங்கள் மதுக்கூடத்தில் அவர் எதைக் குடிப்பார் என்று எதிர்பார்க்கிறீர்களோ தெரியவில்லை. மாலைக்குக் கேட்ட சம்பங்கிக்கும் செண்டுமல்லிக்கும் "அயல்நாட்டு மலர்" என்று தனித் தொகை. இரண்டுக்குமே பூர்விகம் மெக்சிகோ. இறந்தோர் நாளில் உங்கள் நாடே செண்டுமல்லியால் மஞ்சளாகிறது. உங்கள் மண்ணிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த பூவை உங்கள் ஊரிலேயே அயல்நாட்டுப் பூ என்று எங்களுக்கு விற்க ஒரு தனித் திறமை வேண்டும்.

போகட்டும். பூவுக்கான தொகையைக் கொடுத்துவிடுகிறோம். வாத்தியாரின் கைப்பட்டைக்கும் கொடுத்துவிடுகிறோம். முகூர்த்த நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆகவே, பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் உள்ளபடி, ஞாயிறு காலை எட்டரை மணிக்குக் கடற்கரை மேடையையும் ஹோமத்துக்கான அனுமதியையும் இம்மாத இறுதிக்குள் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். யோகா வகுப்பை மாலை ஐந்தரைக்குத் தள்ளலாம். அதற்கு யாரும் ராகுகாலம் பார்ப்பதில்லை. இயலாது என்றால், முன்பணம் முழுவதையும் எங்கள் விருந்தினர் அறைகளுக்குக் கட்டியதையும் பிடித்தமின்றித் திருப்பி அனுப்புங்கள். வேறு இடம் பார்க்க எங்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

இப்படிக்கு,
மணமகளின் தந்தை,
டாலஸ்