கீமோவுக்குப் பின் வரும் மறதியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் நீங்கள் போட்டிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஆர்வத்தால் இல்லை, முதல் தடவை கடைசிப் பக்கம் வந்தபோது முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்பதே மறந்துவிட்டது. கட்டி, மேமோகிராம், ஆபரேஷன், முடி கொட்டுவது, வாந்தி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இந்த மறதியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

நான் மதுரையில் 20 வருடமாக இன்சூரன்ஸ் ஏஜெண்ட். யாருக்கு எந்தத் தேதியில் பிரீமியம், யார் எந்தப் பிள்ளையின் படிப்புக்காகப் பாலிசி போட்டார் என்பதெல்லாம் டைரியைப் பார்க்காமலே சொல்வேன். 2021-இல் ஆபரேஷன், அப்புறம் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு தடவை அந்தச் சிவப்பு மருந்து, பிறகு வாராவாரம் 12 ஊசி. முடி திரும்ப முளைத்துவிட்டது, சரி. ஆனால் எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து, 15 வருட வாடிக்கையாளர் ஒருவரின் வாசலில் நின்றுகொண்டு, அவர் பெயர் வராமல், "சார், சார்" என்றே பேசிச் சமாளித்துவிட்டு வந்தேன். சல்லடை என்ற சொல் வராமல் "அந்த மாவு சலிக்கிறதை எடு" என்று மகளிடம் கையால் ஆட்டிக் காட்டினேன். போனில் பேசிக்கொண்டே பாலிசி எண் எழுதுவதெல்லாம் போயே போய்விட்டது.

டாக்டரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "வயசாகுதில்லையா, டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்றார். அப்போது எனக்கு 47. என் அம்மா கடைசிக் காலத்தில் என்னையே யாரென்று கேட்டவர். எனக்கும் அதுதான் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல், ராத்திரியெல்லாம் 16-ஆம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மகள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். இதற்குக் 'கீமோ பிரெயின்' என்று பெயரே இருக்கிறதாம்! அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 581 பெண்களையும் நோய் இல்லாத 364 பெண்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். கீமோவுக்கு முன்பு இருந்ததைவிட, முடிந்து ஆறு மாதம் கழித்து நினைவும் யோசனையும் மங்கிவிட்டதாகச் சொன்னவர்கள் 36.5 சதவீதம், நோய் இல்லாதவர்களில் 13.6 சதவீதம். மூன்றில் ஒருத்திக்கு மேல். நான் ஒற்றை ஆள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பழி முழுவதும் கீமோ மேல் இல்லை. மருந்து ஏறும் முன்பே சிலருக்கு ஆரம்பித்துவிடுகிறது. சோர்வு, தூக்கமின்மை, ரத்தசோகை, மாதவிடாய் சட்டென்று நின்றுபோவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. நெதர்லாந்தில், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமோக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையை ஒரு வருடம் எடுத்தவர்களைச் சோதித்தபோது, கேட்ட சொற்களை நினைவில் வைப்பதில் பின்தங்கியிருந்தார்கள், அதே நோய்க்குத் தரும் எக்ஸிமெஸ்டேன் என்ற இன்னொரு மாத்திரையை எடுத்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பி வராமல் தடுக்கத்தான் அதைத் தருகிறார்கள். டாக்டரிடம் கேளுங்கள்.) என் அம்மாவுக்கு வந்ததுபோல நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போவதல்ல இது. பலருக்கு மெல்ல மெல்லத் தெளிகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு விஷயத்தை முதல் கீமோ அன்றைக்கே ஒரு நர்ஸ் சொல்லியிருந்தால் போதும், அந்த வாய்ப்பாட்டு ராத்திரிகள் எனக்கு மிச்சமாகியிருக்கும். கையில் கொடுத்த தாளில் பச்சைக் காய்கறி சாப்பிடலாமா, தண்ணீரைக் காய்ச்ச வேண்டுமா என்பது வரைக்கும் இருந்தது. உங்கள் கட்டுரையோ தன்னம்பிக்கை இருந்தால் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம் என்று முடிகிறது. எனக்குத் தன்னம்பிக்கைக்குக் குறைச்சல் இல்லை, பெயர்தான் வரமாட்டேன் என்கிறது.

இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். தைராய்டும் பி12-ம் பார்த்தாயிற்று, காலையில் நடக்கிறேன், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன். முன்னைக்கு இப்போது தேவலை. அடுத்த முறை இதற்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள், விவரம் தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டே எழுதுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். என் வாடிக்கையாளர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள், பிரீமியத் தேதியை மறந்துவிடுவேனோ என்று பயந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை